மார்க் குறைந்தால் பேப்பரை ஒளிக்கும் பையனுக்கு என்ன சொல்வது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், புதிதாக வாசிப்பவர்களுக்கு வசதி. கேட்டவருடைய மகன் ஒன்பதாவது படிக்கிறான். காலாண்டில் கணக்கும் அறிவியலும் போய்விட்டது. திருத்திக் கொடுத்த பேப்பரை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தான், கேட்டால் அழுகிறான், இரண்டு நாளாகப் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறான். "தோல்வியைத் தாங்குகிற மனசைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கொண்டுவருவது, வீட்டிலும் பள்ளியிலும் என்ன செய்யலாம்?" என்பது கேள்வி.

நான் மனநல நிபுணர் கிடையாது. மதுரையிலிருந்து திண்டுக்கல் போகிற வழியில், வாடிப்பட்டிப் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் இருபத்து மூன்று வருடமாகக் கணக்கு வாத்தியார். அதனால் பதிலைக் கணக்கு வாத்தியார் மாதிரி முதலிலேயே போட்டுவிட்டுப் பிறகு விளக்குகிறேன். தோற்றுப்போன பிள்ளைக்கு மறுநாள் காலையில் எழுந்ததும் என்ன வேலை என்று தெரிந்திருந்தால் போதும், முக்கால்வாசிப் பேர் சமாளித்துவிடுகிறார்கள். "தைரியமா இரு", "இதெல்லாம் ஒரு விஷயமா" என்று பேசுவதில் பெரிதாக ஒன்றும் நடந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கிறார்கள். விடியுமுன் அம்மாவோடு போய்ப் பூப் பறித்துக் கொடுத்துவிட்டுக் குளித்துக் கிளம்பி வரும். மல்லிகை விலை எப்படி ஆடும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முகூர்த்த நாளில் கிலோ ஆயிரக்கணக்கில் போகும், முகூர்த்தம் இல்லாத வாரத்தில் சில நூறுக்கு விழும், பறிகூலிக்குக்கூடக் கட்டாத நாளும் உண்டு. அப்படி விழுந்த நாளில் வகுப்பில் ஒரு பெண்ணிடம் "என்னம்மா, நேத்து பூ விலை எப்படி?" என்று கேட்டால், "போச்சு சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்லும். மறுநாள் காலையிலும் பறிக்கப் போயிருக்கும், ஏனென்றால் விட்டால் மொட்டு செடியிலேயே விரிந்து வீணாகும். அதே பெண் கணக்கில் 29 வாங்கிய அன்று பெஞ்சில் தலையைக் கவிழ்த்தது, மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழவில்லை.

இந்தப் பெண்ணுக்கு மன உறுதி இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? தோட்டத்தில் நஷ்டம் வந்தால் அடுத்து என்ன என்று அதற்குத் தெரியும். வீட்டில் எல்லோரும் அதைச் செய்வதைப் பார்த்தே வளர்ந்திருக்கிறது. 29 மார்க் வந்தால் அடுத்து என்ன என்று ஒருத்தரும் செய்து காட்டியதில்லை. வைதிருக்கிறார்கள், இல்லாவிட்டால் பாவம் என்று விட்டிருக்கிறார்கள். (மதுரைக்காரன் பதிலில் ஜல்லிக்கட்டு வரும் என்று எதிர்பார்த்தவர்கள் மன்னிக்கவும், எனக்கு மாடு என்றால் பயம்.)

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து நம் ஊரில் எட்டாவது வரை ஆல் பாஸ். அதை நான் குறை சொல்ல மாட்டேன், அதனால் படிப்பை விடாமல் நின்ற பெண் பிள்ளைகளை எண்ணியே சொல்லலாம். ஆனால் ஒன்று, ஃபெயில் என்ற வார்த்தையை ஒரு பிள்ளை ஒன்பதாவதிலோ பத்தாவதிலோதான் முதன்முதலாகக் கேட்கிறது, அதுவும் ஊரே கேட்கிற மாதிரிக் கேட்கிறது. சின்னச் சின்னதாக விழுந்து எழுந்து பழகாதவனை ஒரேயடியாகக் கிணற்று மேட்டில் ஏற்றிக் குதி என்கிறோம்.

இப்போது என் பாவத்தைச் சொல்கிறேன். முதல் பத்து வருடம் நானும் பேப்பரை மார்க் வரிசையில் அடுக்கி, மேலேயிருந்து ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கொடுத்தவன்தான். எனக்கு அப்படித்தான் கொடுத்தார்கள், நானும் அப்படியே கொடுத்தேன். கட்டு பாதிக்குக் கீழே வரும்போது வகுப்பு அமைதியாகிவிடும், நானும் அதை ஒழுக்கம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு பெண் மட்டும் ஒவ்வொரு தேர்விலும் கட்டு பாதியைத் தாண்டியதும் "சார், பாத்ரூம் போகணும்" என்று எழுந்துவிடும். மூன்றாவது தடவைதான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு கவனித்தேன், குறைந்த மார்க் வாங்கியவர்கள் எல்லோருமே பேப்பரின் வலது மேல் மூலையை, மார்க் எழுதி வட்டம் போட்ட இடத்தை, முக்கோணமாக மடித்து உள்ளே தள்ளிவிடுகிறார்கள். மடித்துவிட்டு, அப்புறம் அந்தப் பேப்பரைத் திறந்தே பார்ப்பதில்லை. நான் ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து சிவப்பு மையில் எழுதிய திருத்தம் ஒன்றையும் ஒருவரும் படிக்கவில்லை! மூலையை மடித்து முடித்தால் பரீட்சை முடிந்துவிட்டது.

உங்கள் மகன் அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்ததும் அதே மூலைதான்.

அதிலிருந்து வழக்கத்தை மாற்றினேன். மொத்த மார்க்கை முதல் பக்கத்தில் எழுதுவதில்லை, கடைசிப் பக்கத்துக்கு உட்புறம் சின்னதாக எழுதுகிறேன். வருகைப் பதிவேட்டு வரிசையில் கொடுக்கிறேன். கொடுத்ததும் யாரும் யாரிடமும் எத்தனை என்று கேட்கக்கூடாது (கேட்பார்கள், அதை நிறுத்த யாராலும் முடியாது, இருந்தாலும் சொல்லி வைக்கிறது). பிறகு ஒரு பீரியட் முழுவதும் ஒரே வேலை. மார்க் போன ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு எழுத்துப் போட வேண்டும். தெரியவே தெரியாது என்றால் "தெ". தெரியும், அவசரத்தில் தப்பாகிவிட்டது என்றால் "அ". கேள்வியே புரியவில்லை என்றால் "பு". நேரம் இல்லாமல் விட்டது என்றால் "நே". முடித்ததும் எந்த எழுத்தில் எத்தனை மார்க் போயிருக்கிறது என்று கூட்ட வேண்டும்.

கேட்பதற்கு ஒன்றுமில்லாத வேலை மாதிரித்தான் இருக்கும். ஆனால் 31 வாங்கிய ஒரு பையன் முதல் தடவை கூட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. போன 69 மார்க்கில் "தெ" 30-க்குள்தான் இருந்தது. கிராஃபில் எல்லாப் புள்ளியும் சரியாகக் குறித்துவிட்டு அளவுத்திட்டம் எழுதாமல் விட்டிருந்தான், ஒரு மதிப்பெண் வினாவில் விடையை எழுதி அடித்துவிட்டுத் தப்பானதை எழுதியிருந்தான், அதுவும் மூன்று இடத்தில். அதுவரை அவன் மனசில் இருந்தது "எனக்குக் கணக்கு வராது" என்ற ஒரு பெரிய பாறாங்கல். இப்போது அது சில்லு சில்லாக உடைந்து கிடந்தது, எதை முதலில் எடுத்துப் போடலாம் என்று பார்க்கலாம் என்கிற அளவுக்கு.

பத்தாம் வகுப்புக் கணக்குப் பேப்பரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மார்க் 14, இரண்டு மார்க்கில் எழுத வேண்டியது 10, ஐந்து மார்க்கில் 10, கடைசியில் ஜியோமெட்ரிக்கு ஒரு எட்டு, கிராஃபுக்கு ஒரு எட்டு. பாஸ் ஆக 35. ஜியோமெட்ரியும் கிராஃபும் ஒழுங்காகப் போட்டால் 16, புத்தகத்து ஒரு மார்க்கில் பத்து, இரண்டு மார்க்கில் ஐந்து கேள்வி, அவ்வளவுதான். இதை ஒரு தாளில் எழுதி அந்தப் பையன் கையில் கொடுத்தால் அது ஊக்க உரையைவிட நன்றாக வேலை செய்யும். "மெல்லக் கற்போர்" என்று பட்டியல் போட்டுத் தனியாக உட்கார வைக்கிற வழக்கம் எனக்குப் பிடிக்காது, பேரிலேயே ஒரு முத்திரை குத்தியாகிவிட்டது. ஆனால் அந்தச் சிறப்பு வகுப்பில் நடக்கிற வேலை நல்ல வேலைதான்.

வீட்டில் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். மார்க் தெரிந்த முதல் சாயங்காலம் முக்கியம். அன்றைக்குப் பாடம் நடத்த வேண்டாம், யாரோடும் ஒப்பிட வேண்டாம், அத்தைக்கும் பெரியப்பாவுக்கும் போன் போட்டுச் சொல்லவும் வேண்டாம். அவர்களாகக் கூப்பிட்டு "எத்தனை மார்க்கு?" என்று கேட்டால் போனைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள், "நாங்க பாத்துக்கிறோம் அண்ணி" என்று நீங்களே சொல்லி வைத்துவிடுங்கள். இந்த ஒரு காரியத்தில் பெற்றவர்கள் மேல் பிள்ளைக்கு வருகிற நம்பிக்கை வேறு எதிலும் வராது. சோறு போடுங்கள். அழுதால் அழட்டும். மறுநாள் அந்தப் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, நான் சொன்ன பென்சில் எழுத்துகளை அவனையே போடச் சொல்லுங்கள். உங்களுக்குக் கணக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி பேரன் பக்கத்தில் உட்கார்ந்து "அது என்ன எழுத்து, இது ஏன் போச்சு" என்று கேட்டுக்கேட்டே செய்ய வைத்ததை நான் அறிவேன்.

அந்தப் பாட்டி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஹவாய்த் தீவுகளில் கவாய் என்று ஒன்று, நம் அலங்காநல்லூர்ப் பக்கம் மாதிரிக் கரும்பு விளைந்த ஊர். அங்கே 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரண்டு உளவியலாளர்கள் நாற்பது வயது வரை விடாமல் கவனித்தார்கள். வறுமை, வீட்டில் சண்டை, குடி, தாய்க்கோ தகப்பனுக்கோ மனநோய் என்று பல பாரத்தைச் சேர்த்துச் சுமந்த குழந்தைகளிலும் மூன்றில் ஒரு பங்கு பேர் நல்ல மனிதர்களாகத் தேறி வந்தார்கள். அப்படித் தேறியவர்களிடம் திரும்பத் திரும்பக் கண்ட ஒரு விஷயம், பெற்றோர் சரியில்லாவிட்டாலும் ஒரு பெரியவராவது அந்தப் பிள்ளையோடு உறுதியாக நின்றிருக்கிறார். பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர், வாத்தியார், யாரோ ஒருவர். ஒருவர் போதும் என்பது எனக்குப் பெரிய ஆறுதல், ஏனென்றால் நாற்பத்தைந்து பேர் இருக்கிற வகுப்பில் எல்லோருக்கும் நான் அந்த ஆளாக இருக்க முடியாது.

பாராட்டிலும் ஒரு வம்பு இருக்கிறது. அமெரிக்காவில் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் இருவரும் 1998-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர் கொடுத்து, முடித்ததும் சிலரிடம் "நீ புத்திசாலி" என்றார்கள், சிலரிடம் "நல்லா உழைச்சிருக்க" என்றார்கள். அடுத்து வேண்டுமென்றே கஷ்டமான புதிரைக் கொடுத்துத் தோற்க வைத்தார்கள். அதற்குப் பிறகு புத்திசாலிப் பட்டம் வாங்கியவர்கள் சுலபமான புதிரிலேயே தடுமாறினார்கள். அது மட்டுமா, எத்தனை மார்க் என்று எழுதச் சொன்னபோது அவர்களில்தான் அதிகம் பேர் வாங்கியதைவிடக் கூட்டி எழுதினார்கள். பேப்பரை ஒளிப்பதும் அதே ஜாதி வேலைதான். உங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்து "எங்க பையன் மூளைக்காரன்" என்று சொல்லி வளர்த்திருந்தால் (குற்றம் சொல்லவில்லை, நானும் என் மகளிடம் சொன்னவன்தான்) அவன் ஒளித்தது மார்க்கை இல்லை, அந்தப் பட்டம் போய்விடுமே என்ற பயத்தை. முதல் ரேங்க் வாங்கிப் பழகிய பிள்ளைகள் +1 காலாண்டில் சடாரென்று விழுவதும் இதனால்தான். மாநில அளவில் முதல் மூன்று இடம் அறிவிப்பதை 2017-ல் நிறுத்திவிட்டார்கள், நல்ல காரியம், ஆனால் தெருமுனை ஃபிளெக்ஸ் நின்றபாடில்லை.

அப்துல் கலாம் கதையைச் சொல்லாத ஆண்டு விழா கிடையாது. டேராடூனில் விமானப்படைத் தேர்வு, எடுக்க வேண்டியது எட்டுப் பேர், அவர் ஒன்பதாவது. மனம் உடைந்து ரிஷிகேஷ் போனார், சிவானந்த சுவாமிகளைப் பார்த்தார், தேறினார் என்று மேடையில் முடித்துவிடுவார்கள். பிள்ளைகள் கைதட்டும். ஆனால் முக்கியமான இடத்தை விட்டுவிடுகிறார்கள். டேராடூன் போவதற்கு முன்பே வழியில் டெல்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்பப் பிரிவு ஒன்றில் இன்னொரு நேர்காணலை அவர் முடித்துவிட்டுத்தான் போயிருந்தார். ரிஷிகேஷிலிருந்து திரும்பி வந்தபோது அந்த வேலை தயாராக இருந்தது, 1958-ல் அதில் சேர்ந்தார். சுவாமிகள் சொன்னது மனசுக்கு மருந்துதான், மறுக்கவில்லை. இருந்தாலும் திரும்பிப் போக ஒரு டெல்லி இருந்ததும் காரணம். பிள்ளைகளிடம் நான் இந்தப் பாதியைத்தான் அழுத்திச் சொல்வேன்.

அதனால் ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகளுக்கு வருட ஆரம்பத்திலேயே, யாரும் தோற்காத போதே, இந்த வழிகளைப் போர்டில் எழுதிக் காட்டிவிடுகிறேன். மே மாதம் ரிசல்ட் வந்து ஒரு பாடம் போனால் ஜூன், ஜூலை வாக்கில் துணைத் தேர்வு இருக்கிறது, அதில் பாஸானால் அதே வருடம் +1 சேரலாம், பாலிடெக்னிக் போகலாம். எட்டாவது பாஸுக்கே ஐடிஐயில் சில டிரேடு உண்டு. டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் வருடத்தில் நேராகச் சேரலாம். முதல் தடவை இதை எழுதியபோது சக ஆசிரியர் ஒருவர் கோபப்பட்டார், "ஃபெயிலாகச் சொல்லிக் கொடுக்குறீங்களா?" என்று. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போது ஸ்டெப்னி மாட்டக் காட்டிக் கொடுத்தால் பஞ்சராகச் சொல்கிறோம் என்றா அர்த்தம்?

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும். இரண்டு நாள் அழுகை, பள்ளி போக மாட்டேன் என்ற பிடிவாதம், இதெல்லாம் சாதாரணம். இரண்டு வாரம் ஆகியும் தூக்கமில்லை, சாப்பாடில்லை, யாரிடமும் பேச்சில்லை என்றாலும் சரி, எந்த நாளிலாவது "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்கிற மாதிரிப் பேச்சு, ஆசையாக வைத்திருந்த பொருளைத் தம்பிக்குத் தூக்கிக் கொடுப்பது, இப்படி எது தெரிந்தாலும் பென்சில் எழுத்தெல்லாம் அப்புறம். அந்தப் பேச்சை நேராகவே கேளுங்கள், "சாகணும்னு தோணுதாப்பா?" என்று. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. மருத்துவ ஆலோசனைக்கு 104 இருக்கிறது, பிள்ளைகளுக்கு 1098 இருக்கிறது. மதுரை பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்கிற நேரம் அது இல்லை.

கடைசியாக ஒரு பையன். பெயர் வேண்டாம். 2015 மே, பத்தாவது ரிசல்ட் வந்த நாள். நாலு பாடத்தில் பாஸ், கணக்கில் 27. சாயங்காலம் அவன் அம்மா போன் செய்தார்கள். "சார், புள்ள காலையிலருந்து பச்சத்தண்ணி குடிக்கல. வாய்க்காப் பக்கம் போயி உக்காந்திருக்கான். அவுக அப்பா வேற கத்திக்கிட்டுக் கெடக்காரு, எனக்குப் பயமா இருக்கு சார்." வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். பெரியாறு வாய்க்காலில் அப்போது தண்ணீர் இல்லை, காய்ந்து கிடந்தது, அதைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது. மதகுச் சுவர்மேல் உட்கார்ந்திருந்தான். நானும் ஏறி உட்கார்ந்தேன். பத்து நிமிடம் இரண்டு பேரும் பேசவில்லை. பருத்திப்பால் வண்டிக்காரர் வந்தார், இரண்டு டம்ளர் வாங்கினேன், குடித்தான்.

"கிராஃப் போட்டியாடா?"

"இல்ல சார், நேரமில்ல."

அப்போதெல்லாம் கிராஃபுக்குப் பத்து மார்க். "பாஸுக்கு இன்னும் எட்டு மார்க்குடா" என்றேன். சட்டைப் பையில் யாரோ கொடுத்த கல்யாணப் பத்திரிகை இருந்தது, அதன் பின்பக்கத்தில் எழுதினேன். பள்ளியில் எப்போது பணம் கட்ட வேண்டும், துணைத் தேர்வு எப்போது, நாளையிலிருந்து காலை ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடத்துத் திண்ணை, முதல் வாரம் கிராஃப் மட்டும். படித்துப் பார்த்துவிட்டு அவன் கேட்டது ஒன்றே ஒன்று. "என் கூட்டாளிக எல்லாரும் எனக்கு முன்னாடி +1 சேந்திருவாய்ங்களே சார்?" "சேந்திருவாய்ங்கதான்" என்றேன். வேறு என்ன சொல்ல? மடித்துப் பையில் வைத்துக்கொண்டு என் வண்டியில் ஏறினான். அப்பாவிடம் நான் பேசிய கதை தனி, அது இங்கே வேண்டாம்.

ஒரு மாதம் தவறாமல் வந்தான். துணைத் தேர்வு எழுதினான். ரிசல்ட் அன்று நான் ஊரில் இல்லை, ஒரு விசேஷத்துக்கு விருதுநகர் போயிருந்தேன். போன் வந்தது.

"சார், 31."

எனக்குத்தான் வாயடைத்துப்போனது. தாம்பூலப் பையைக் கையில் வைத்துக்கொண்டு மண்டப வாசலில் நிற்கிறேன், என்ன ஆறுதல் சொல்வது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். அவனே பேசினான்.

"கிராஃபு முழுசாப் போட்டுட்டேன் சார், ஜியோமெட்ரிதான் போச்சு. செப்டம்பர்ல ஒண்ணு இருக்குன்னாய்ங்க, அதுக்கு எப்பப் பணம் கட்டணும்?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

"சரி சார். நாளைக்கு ஒம்பது மணிக்கு வந்துரவா, இல்ல நீங்க ஊர்லருந்து வர லேட்டாகுமா?"